பெயர்க் காரணம் மேலே, பசி கீழே

"பேர்க் காரணத்தை மேலே கொண்டு வா தம்பி. 'பசி' படமெல்லாம் கீழே போகட்டும்" என்றார் செய்தி ஆசிரியர். "சரி சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நடிகர் டெல்லி கணேஷ் காலமானது 2024 நவம்பர் 9 இரவு. அஞ்சலிக் கட்டுரை உடனே ஏறியாக வேண்டும். அந்த நேரத்தில் டெஸ்கில் யாரும் வாதாடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த "சரி சார்" உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் பிறந்தவருக்கு டெல்லி எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே தோன்றும். 1964 முதல் 1974 வரை விமானப் படை வேலை, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடை, பிறகு 1977இல் 'பட்டினப் பிரவேசம்' படம். சினிமாவுக்காக அவருக்கு 'டெல்லி கணேஷ்' என்று பெயர் வைத்தவர் இயக்குநர் பாலசந்தர். நாலு வரியில் அழகாக நிற்கிற கதை. வாசகர் தேடுவதைக் கொடுப்பதுதானே நம் வேலை?

ஆனால் நான் முதலில் எழுதியிருந்தது வேறு. 'பசி'யில் ரிக்‌ஷாக்காரராகச் சென்னைக் குப்பத்துத் தமிழ் பேசியவர், 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சமையல்காரர் மணி ஐயராக வந்து பாலக்காட்டுத் தமிழில் வெளுத்துக்கட்டினார். இரண்டிலும் வல்லநாடு எட்டிப் பார்க்காது. அதற்கு முந்தைய வருடம்தான் 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன்களில் ஒருவர். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவரை எந்த ஊர்க்காரர் என்று குரலை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்டவரை ஒரே ஊரின் பெயரோடு கட்டிப்போட்டு ஆரம்பிப்பதா என்பதுதான் என் ஆதங்கம். (இதைச் சொல்லும்போதே 'நாயக'னில் வேலு நாயக்கருக்காக இந்தி பேசும் ஐயர் ஞாபகத்துக்கு வந்து வாதத்தைக் கெடுக்கிறார். டெல்லி என்ற பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.)

"சார், ரிக்‌ஷாக்காரரை முதல் பாராவில் வைத்துவிட்டு, பெயரை அடுத்ததில் சொல்லலாமே" என்று கேட்டிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது, 'சிந்து பைரவி'யின் குடிகார மிருதங்க வித்வானைப் பற்றி அவரைப் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார். அதே சமயம், கேட்டு அவர் மறுத்திருந்தால் எனக்கு இத்தனை யோசனை இருந்திருக்காது என்பதும் உண்மை. என் கவலை டெல்லி கணேஷைப் பற்றியதா, என் முதல் பாராவைப் பற்றியதா?

அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"நீ எழுதினதுல ஒரு வரிகூட வெட்டலையேப்பா. எல்லாம் கீழேதானே இருந்துச்சு" என்றார்.

இருந்தது. ஆறாவது பாராவில். செல்போனில் படிக்கிறவர் அதுவரை வரமாட்டார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.