ரோல் வாரியாக: ஒரு ராஜினாமா நாட்குறிப்பு

ஜூன் 11, 2024

கோவை சரவணம்பட்டியில், நான் புரோகிராம் எழுதும் சாப்ட்வேர் கம்பெனி ஆபீஸில் இன்று நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். கோபம் ஆறினால் விவரமும் மறந்துபோகும்.

திருப்பூரில் பனியன் துணிக்குக் கணக்கு மீட்டரில் இல்லை, கிலோவில். நிட்டிங்கிலிருந்து (துணி பின்னும் இடம்) சாயப்பட்டறைக்கு ஒரு லாட், அதாவது ஒரு தொகுதித் துணி, போகும். சாயம் ஏறி, காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்திவிடுவது) முடிந்து வரும்போது எடை குறைந்திருக்கும். அதுதான் பிராசஸ் லாஸ். எவ்வளவு குறைந்தால் நியாயம், எங்கே பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதில்தான் பாதிச் சண்டை நடக்கும். இப்படி வெளியே கூலிக்கு அனுப்பும் வேலைக்குப் பெயர் ஜாப் ஒர்க். அதற்கு நான் எழுதிய மாட்யூலில் ஒவ்வொரு துணி ரோலுக்கும் தனி நம்பர். போன எடை, வந்த எடை ரெண்டும் தராசிலிருந்து நேராக வரும். லாஸை யாரும் கையால் டைப் செய்ய இடமே கிடையாது.

புதிதாக வந்த புராடக்ட் ஹெட்டுக்கு இது ஆகவில்லை. லாட்டுக்கு இவ்வளவு லாஸ் என்று ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டால் திரும்பி வராத எடைப் பாக்கி தானாகப் பூஜ்யமாகிவிடுமாம், டெமோவில் அந்தப் பாக்கியைக் காட்டும் சிவப்பு எழுத்து தெரியாதாம். "அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கத்தான் சார் காசு கொடுத்து வாங்குறாங்க" என்றேன். "அது உங்க ஒப்பீனியன்" என்றார். பத்து பேர் இருந்த மீட்டிங்கில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 14

அவர் சொன்ன மாற்றத்தை மெர்ஜ் செய்து மாட்யூலில் சேர்த்துவிட்டார்கள். ரிவ்யூவில் நான் நிறுத்தி வைத்திருந்ததை அட்மின் உரிமையை வைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கையோடு மொத்த புரோகிராம் கோடுக்கும் ஃபார்மேட்டர் (வரிகளை ஒரே வடிவத்தில் அடுக்கும் கருவி) ஓட்டி, எல்லாம் ஒரே கமிட்டாகப் பதிவு. இப்போது எந்த வரியை யார் எழுதினார் என்று பார்க்க கிட் பிளேம் அடித்தால் வரிக்கு வரி, போன மாதம் சேர்ந்த பையன் பெயர்தான் வருகிறது. (அந்த கமிட்டைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொல்லலாம், அந்த வசதி 2019லேயே வந்துவிட்டது. சொல்லிப் பார்த்தேன், என் பெயர் திரும்ப வந்தது.)

பெயர் கிடக்கட்டும். கோடுக்கு நடுவே, படிப்பவருக்குக் குறிப்பாக ஒரு கமெண்ட் எழுதி வைத்திருந்தேன்: "ஈரம் காயும் முன் எடை போட்டால் லாஸ் குறைவாகக் காட்டும், மறு எடை பார்." அவினாசியில் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில், தராசுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று கற்றது. தேவையில்லாத கமெண்ட் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு விட்டுப்போனது அந்த இடத்தில்தான்.

ஜூன் 16

சோமனூர். அப்பா கூலிக்கு நெய்கிறவர். வேலையை விடப்போகிறேன் என்றதும் தறியை நிறுத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"பாவு நூலும் அவிகளுது, ஊடை நூலும் அவிகளுது. தறி மட்டுந்தான் நம்முளுது. நானு உட்டுப்போட்டு வந்தனா கண்ணு?"

"2022ல ஸ்ட்ரைக்குன்னு தறிய நிறுத்துனீங்களேப்பா."

"அது கூலிக்குடா."

எனக்குத் தறியும் சொந்தமில்லை, லேப்டாப்பும் அவர்களுடையது என்றேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "பாவு மோசமா இருந்தா அது சுத்துன பீமைத் திருப்பி அனுப்பியிருக்கறன். அந்த நூல்ல நெய்ஞ்சா என்ற கைக்குத்தான் கெட்ட பேரு" என்றார். அம்மாவுக்கு ஒரே கவலை, வீட்டுக் கடன் இஎம்ஐ.

ஜூன் 19

பதிப்புரிமைச் சட்டம், 1957ஐப் புரட்டினேன். கணினி நிரல் அதில் இலக்கியப் படைப்பாம்! இத்தனை வருடம் இலக்கியவாதியாக இருந்திருக்கிறேன், ஒரு பொன்னாடை கிடைத்ததில்லை. 17ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு எழுதியது முதலாளிக்கே சொந்தம். அதில் எனக்குத் தகராறு இல்லை. நான் கேட்பது சொந்தத்தை அல்ல. ஒரு விஷயம் தெரிந்து எழுதியவனிடம் கேட்காமல் அதைக் குலைக்காதே என்பதைத்தான்.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஜனவரியில் எம்ஐடி வேலையை விட்டதே இந்த முதலாளி சொந்தத்துக்குப் பயந்துதான். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினால், அவர் தொடங்கிய குனு என்ற மென்பொருள் தொகுப்பை அவர்கள் உரிமை கொண்டாடலாம் என்ற யோசனை. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை உருவாக்கிய மாண்டி விடேனியஸ், அதை வாங்கியிருந்த சன் நிறுவனத்தை 2009இல் விட்டு வந்து அதே கோடிலிருந்து மரியாடிபியைக் கிளப்பினார். யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் கோடு இருந்ததால் முடிந்தது. எனக்கு அந்தக் கதவும் இல்லை, ஒரு வரியைக்கூட எடுத்துவர முடியாது.

ஜூன் 24

ராஜினாமா கொடுத்தாயிற்று. எச்ஆர் படிவத்தில் காரணம் கேட்கிறது: சம்பளம், மேற்படிப்பு, திருமணம், இடமாற்றம், உடல்நலம். 'இதர' என்பதைத் தட்டினேன்.

மதியம் எம்டி கூப்பிட்டார். இன்க்ரிமெண்ட் என்று ஆரம்பித்தார். பணம் வேண்டாம், அந்த மாட்யூலில் எதை மாற்றினாலும் என் ஒப்புதல் வேண்டும் என்றேன். "அப்புறம் நான் எதுக்குங்க கம்பெனி நடத்தறேன்?" என்றார். அவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான கேள்விதான். அதனால்தான் அதற்கு மேல் பேசவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சரியாக இருந்தால் ஒருவர் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 22

ஹேண்ட்ஓவர். அந்தப் புதுப் பையன் நல்ல பையன், கேள்வி கேட்கிறான். ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவைச் சொல்லிக்கொடுத்தேன்: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு, வரி கட்ட வேண்டும். "அப்போ பாக்கியைப் பூஜ்யம் பண்ணிட்டா திரும்பாத ரோல் எப்படிங்ணா தெரியும்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனே போய் அவர்களிடம் கேட்கட்டும்.

ஆகஸ்ட் 23

கடைசி நாள். கேக், போட்டோ, ரிலீவிங் லெட்டர். ரெண்டு வருடம் இந்தத் தொழில் பக்கமே வரக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது என்றார் வக்கீல். ரகசியம் காக்கும் நிபந்தனை வேறு, அது செல்லும். அவர்கள் கஸ்டமர் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

செப்டம்பர் 5

திருப்பூர். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு நிட்டிங் ஓனர், பழைய கம்பெனியின் கஸ்டமர் இல்லை. முதல் வரியிலிருந்து புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங் தம்பி, காசு நாங் குடுக்கறன், சொந்தம் உங்களுதுங்களா?"

"ஆமாங்ணா. நான் உங்க சம்பளக்காரன் இல்லைங்களே. எழுத்தில் மாத்திக் குடுக்காத வரைக்கும் எழுதினவனுக்குத்தான். நீங்க எத்தனை வருசம் வேணும்னாலும் ஓட்டிக்கலாம்."

யோசித்தார். ரோல் நம்பர், தராசு எல்லாம் அவருக்குச் சம்மதம். லாஸைக் கையால் போட வழி இருக்காது என்றதற்கு, "அதுதானுங்க வேணும்" என்றுவிட்டார். அவர் பிடித்தது வேறு இடத்தில்: "நீங்க நாளைக்கு பெங்களூரு போயிட்டா?" கோடின் ஒரு பிரதி அவருடைய ஆடிட்டரிடம் இருக்க வேண்டுமாம். கேட்பது நியாயம். ஆனால் அந்த ஆடிட்டர் மேஜையைப் பார்த்தேன், பேர் எழுதாத பென் டிரைவே ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.