கோஹாவில் தமிழ் நூல்களைப் பதிவதும் இரவல் கொடுப்பதும்

இரவல் மேசையில் பார்கோடை ஸ்கேன் செய்ததும் "அப்படி ஒரு படி (நூலின் பிரதி) இல்லை" என்று திரை சொன்னால், குறை அநேகமாக அந்த மேசையில் இருக்காது. நூலைப் பதிந்த அன்றே விழுந்த ஓட்டை அது. நூலக மென்பொருளை நிறுவியவுடன் எல்லோரும் இரவல் திரையைத்தான் ஆசையாகத் திறந்து பார்ப்பார்கள். உழைப்பை முக்கால்வாசிக்கு மேல் பதிவில் போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தமிழ் நூல்கள் என்றால் இன்னும் கூடுதலாக. கோஹா நியூசிலாந்தில் 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஒரு பொது நூலகத்தில் ஓடத் தொடங்கிய கட்டற்ற நூலக மென்பொருள். அதன் தொடக்க அமைப்புகள் பல ஆங்கில நூல்களை மனத்தில் வைத்தே இருக்கின்றன. அவற்றை மாற்றாமல் வேலையைத் தொடங்கினால் பிறகு திருத்தி மாளாது.

முதலில் ஒரு வேறுபாடு. நூற்பதிவு வேறு, படி வேறு. ஒரு நூலின் மூன்று பிரதிகள் வந்தால் நூற்பதிவு ஒன்று, அதன் கீழ் படிகள் மூன்று. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், பொருள் எல்லாம் நூற்பதிவில்: நூற்பதிவுக்கான பொது வடிவமான மார்க் 21 முறைப்படி முறையே 245, 100, 264, 300, 650 ஆகிய புலங்கள். பழைய பதிவுகளில் 264-க்குப் பதில் 260 இருக்கும். பார்கோடு, அடுக்கு எண், இருக்கும் இடம், இரவல் வகை ஆகியவை படிக்கு உரியவை. கோஹா அவற்றை 952-இல் வைக்கிறது.

பிரதிக்கு ஒரு நூற்பதிவு என்று போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. முன்பதிவு வரும்போது தெரியும். வாசகர் ஒரு நூற்பதிவின் மேல் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார். அதே நூலின் இன்னொரு பிரதி, வேறு நூற்பதிவின் கீழ், அலமாரியில் சும்மா இருக்கும். மறு அச்சு வந்தால் பழைய நூற்பதிவிலேயே படியைச் சேருங்கள். திருத்திய பதிப்பு, பக்கங்கள் மாறிய பதிப்பு என்றால் மட்டும் புதிய நூற்பதிவு.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்கள்.

008 புலத்தில் 35 முதல் 37 வரையான இடங்கள் மொழிக் குறியீட்டுக்கு உரியவை. கோஹா அங்கே தானாகவே ஆங்கிலத்தை நிரப்பும். இதைக் கவனிக்காவிட்டால் தமிழ் நூல்கள் அனைத்தும் ஆங்கிலமாகவே பதிவாகி, மொழிவாரியாக வடிகட்டும்போது காணாமல் போகும். கோஹாவின் அமைப்பு விருப்பங்களில் 008-க்கான இயல்பு மொழி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பதிவைத் தொடங்கும் முன்பே அதைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள்.

245-இன் இரண்டாம் சுட்டி, அகர வரிசைப்படுத்தும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை எழுத்தைத் தாண்ட வேண்டும் என்பதைச் சொல்வது. ஆங்கிலத் தலைப்பின் முன்னால் வரும் 'தி' என்ற சொல்லையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் தாண்ட அங்கே 4 இருக்கும். தமிழ்த் தலைப்புக்கு எப்போதும் 0. ஆங்கில நூலின் பதிவை நகலெடுத்துத் தமிழ் நூலுக்குத் திருத்துபவர்கள் இந்த 4-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு தலைப்பு முதல் நான்கு குறிகளை இழந்து வரிசையில் எங்கோ போய் நிற்கும்.

நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இசட்39.50 என்ற நெறிமுறை வழியாக வெளிநூலகங்களிலிருந்து பதிவுகளை இறக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்றவற்றின் தமிழ்ப் பதிவுகளில் 245-இல் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறியிட்டு இருக்கும். தமிழ் எழுத்து இருந்தால் அது மாற்று எழுத்து வடிவத்துக்கான 880-இல் இருக்கும். உங்கள் வாசகர் தமிழில் தேடுவார் என்றால் தமிழ் வடிவத்தை 245-க்குக் கொண்டுவாருங்கள். ரோமன் வடிவத்தை 246-இல் மாற்றுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்த் தட்டச்சு தெரியாதவர் தேட அது உதவும். அதை அழிக்க வேண்டாம்.

ஆசிரியர் பெயர்தான் பெரிய தலைவலி. இராமசாமி, ராமசாமி, முன்னெழுத்து முன்னாலா பின்னாலா, புள்ளிக்குப் பிறகு இடைவெளி உண்டா இல்லையா. ஒவ்வொரு வேறுபாடும் மென்பொருளுக்குத் தனி ஆள். அதிகாரப் பதிவு என்ற வசதி இதற்காகவே இருக்கிறது: ஒரு வடிவத்தை நிலையாக்கி, மற்றவற்றை அதன் கீழ் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்க வேண்டும். நேரமில்லை என்று இதைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே எழுத்தாளரின் நூல்கள் நான்கு பெயர்களில் சிதறிக் கிடக்கும் பட்டியல், வாசகருக்குப் பாதி நூலகத்தை மறைத்துவிடுகிறது.

பழைய பட்டியல் எக்செல் கோப்பில் இருந்தால், ஏற்றும் முன் சுத்தம் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு: 'கொ' என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. நகல் பதிவுகளைத் தேடும்போது இவை அகப்படாது. ஒருமுகப்படுத்தும் நிரல் ஒன்றை ஓட்டிவிடுவது நல்லது. இணையத்திலிருந்து ஒட்டிய வரிகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒளிந்திருக்கும். ஒத்த பெயர்களைக் கொத்தாகக் காட்ட ஓபன்ரிஃபைன் நல்ல கருவி.

எக்செல் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை 9.78-இல் தொடங்கும் அறிவியல் குறியீட்டு வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அந்தக் காட்சியிலேயே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும். 000123 என்ற பார்கோடை 123 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசைகளை உரை வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்களை உள்ளிடுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 குறிமுறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கோப்பை மார்க்எடிட் என்ற கருவி கொண்டு மார்க் வடிவத்துக்கு மாற்றி, கோஹாவில் நேரடியாகச் சேர்க்காமல் முதலில் இடைநிலையில் ஏற்றுங்கள். ஐஎஸ்பிஎன் பொருத்த விதியைத் தேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் நூற்பதிவோடு படி போய்ச் சேரும். முதல் தொகுதியில் 50 பதிவுகள் போதும். பார்த்து, சரியில்லை என்றால் அந்தத் தொகுதியை அப்படியே பின்வாங்கலாம். அந்தப் படிகளை இரவல் கொடுக்கத் தொடங்கிவிட்டால் பின்வாங்குவது சிக்கலாகிவிடும்.

ஏற்றியும் தமிழில் தேடினால் வரவில்லையா? கோஹாவுக்குள் இயங்கும் ஸீப்ரா தேடுபொறியின் இயல்பான எழுத்துமுறை தமிழுக்குப் பொருந்தாது. அதை யூனிகோடைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றி, முழு மறு அட்டவணையாக்கம் செய்ய வேண்டும். அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு மறு அட்டவணையாக்கத்தை மறந்தால் ஒன்றும் மாறாது.

பார்கோடுக்கு எண்களை மட்டுமே பயன்படுத்துங்கள். ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு விசைப்பலகைதான். கணினியில் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக உள்ளே போகும், படி கிடைக்காது. இலக்கங்களுக்கு அநேகமாக இந்தத் தொல்லை இல்லை. ஒட்டும் இடம் முன்னட்டையாக இருக்கட்டும். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் பார்கோடு அச்சாகியிருக்கும்; அவசரத்தில் அதை ஸ்கேன் செய்துவிடுவார்கள். கோஹா "இல்லை" என்று சொல்லி விரைவுப் பதிவுக்கு வழிகாட்டும். அதை அழுத்தினால் 978-இல் தொடங்கும் பார்கோடுடன் ஒரு போலிப் படி பிறக்கும். இரவல் மேசைக்கு விரைவுப் பதிவின் அனுமதியைத் தராமல் இருப்பதே பாதுகாப்பு.

இரவல் விதிகள் மூன்றின் சேர்க்கையில் இயங்குகின்றன: நூலகம், உறுப்பினர் வகை, நூல் வகை. கோஹா குறிப்பான விதியை முதலில் தேடும். இல்லாவிட்டால் படிப்படியாகப் பொது விதிக்கு வரும். அனைத்து நூலகம், அனைத்து உறுப்பினர், அனைத்து வகை என்ற ஒரு விதியைக் கட்டாயம் வைத்திருங்கள். புது வகை ஒன்றைச் சேர்த்துவிட்டு விதி எழுத மறந்த நாளில் அதுதான் கைகொடுக்கும்.

திருப்ப வேண்டிய தேதி, நூலைக் கொடுக்கும் நொடியிலேயே கணக்கிட்டுச் சேமிக்கப்படுகிறது. விதியில் 14 நாளை 21 ஆக்கினால் ஏற்கெனவே வெளியே போன நூல்களின் தேதி மாறாது. விடுமுறை நாட்காட்டிக்கும் இதே கதைதான். ஆண்டு தொடங்கும் முன்பே நாட்களை இட்டால்தான் பயன். தாமதக் கட்டணம் ஏறவே இல்லை என்றால், விதியைக் குடைவதற்கு முன் இரவுநேரத் தானியங்கிப் பணி ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடாவிட்டால் விதி எவ்வளவு சரியாக இருந்தும் கட்டணம் நாள்தோறும் கூடாது. நினைவூட்டல் மின்னஞ்சலுக்கு இரண்டு பணிகள் தேவை: ஒன்று செய்தியை வரிசையில் சேர்க்கும், மற்றொன்று அதை அனுப்பும். இரண்டாவதை விட்டுவிட்டால் வரிசை நீண்டுகொண்டே போகும், எவருக்கும் எதுவும் போகாது.

திரும்பி வந்த எந்த நூலும் ஸ்கேன் ஆகாமல் அலமாரிக்குப் போகக் கூடாது. முன்பதிவு இருந்தால் அந்த நேரத்தில்தான் திரை எச்சரிக்கும். அதை உறுதிசெய்யாமல் மூடினால் நூல் காத்திருப்பவருக்கு ஒதுக்கப்படாது. தொலைந்த, கிழிந்த படிகளை நீக்க வேண்டாம். "தொலைந்தது", "விலக்கப்பட்டது" என்று நிலையை மட்டும் மாற்றுங்கள். வரலாறு நிற்கும், நூல் கிடைத்தால் மீட்கவும் முடியும்.

மின்சாரம் அல்லது இணைப்பு போன நேரத்துக்கு மேசையில் ஒரு தாள் தேவை. நேரம், உறுப்பினர் எண், பார்கோடு, கொடுத்ததா திரும்பியதா என்ற நான்கு கட்டங்கள். பிறகு கணினியில் ஏற்றும்போது அதே நேர வரிசையைப் பின்பற்றுங்கள். காலையில் ஒருவர் திருப்பி மாலையில் இன்னொருவர் எடுத்துச் சென்ற நூல் இடம் மாறிவிடக் கூடாது. திரும்பிய நூல்களுக்கு உண்மையான தேதியைக் குறிப்பிடும் வசதி திருப்பல் திரையிலேயே உண்டு. அதை விட்டால், நூலைச் சரியான நாளில் தந்தவருக்கும் தாமதக் கட்டணம் விழும்.