ஐம்பத்தொன்பது வயதில் ஒரு நடன ஆல்பம்

மேடை ஒலி அமைப்பு வேலையில் இருக்கிறவர்களின் பென் டிரைவில் நாலைந்து பாட்டு நிரந்தரமாக இருக்கும். ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஏற்றிக் கட்டி, ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் கொடுத்ததும் முதலில் ஓடுவது அவைதான். காதில் ஊறிப்போன பாட்டாக இருந்தால்தான் இந்த மைதானமோ மண்டபமோ அதை என்ன செய்கிறது என்று புரியும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெரும்பாலும் இளையராஜா பாட்டு வைத்திருப்பார்கள். சிலர் மைக்கேல் ஜாக்சன். நான் பல வருடமாக வைத்திருப்பது 'வோக்கல்'. பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் 2013 ஜூலையில் வெளியிட்ட 'எலக்ட்ரிக்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது.

தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் முழுக்கத் தொழில் சார்ந்தது. பாட்டு அடக்கமாகத் தொடங்கும். பாடகர் நீல் டெனன்ட்டின் குரல் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி வரும். குழைவு, நடுக்கம், அலங்காரம் எதுவும் கிடையாது. மெலிந்த, கொஞ்சம் மூக்கில் ஏறின உச்சக் குரல். இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குள் பாக்ஸில் மேல் ஒலியைத் தருகிற ஹார்ன் எங்காவது கீறினால் அந்தக் குரல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தாளம் ஏறும், அதற்கும் பிறகு அந்தப் பெரிய சின்தசைசர் வரி மொத்த மேடையையும் நிறைத்துக்கொண்டு திறக்கும். குரலைச் சரிபார்க்க ஒன்று, சப் என்கிற தாழ்ந்த ஒலிப் பாக்ஸைச் சரிபார்க்க ஒன்று என்று இரண்டு பாட்டு தேட வேண்டியதில்லை.

திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் கலைவிழா. வெயில் தாழ்ந்த நேரம், மைதானம் காலி. இரண்டு பக்கமும் லைன் அரே என்கிற பாக்ஸ் அடுக்கு தொங்குகிறது, மேடைக்குக் கீழே சப் வரிசை. 'வோக்கல்' ஓடுகிறது. சத்தம் இருக்கிறது, ஆனால் கிக் டிரம்மின் அடியில் வேகம் இல்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, "கிக்கு கேக்குது, நெஞ்சுல இடிக்கல அண்ணே" என்றான். சரியாகச் சொன்னான். சப்பின் போலாரிட்டியை, அதாவது அது முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்ற திசையை, திருப்பிப் போடச் சொன்னேன். உடனே அடி கூடியது, ஆனால் முழுசாக வரவில்லை. சப்பும் மேலே தொங்குகிற பாக்ஸும் ஒன்றுக்கொன்று சில மில்லி செகண்ட் தள்ளி வந்துகொண்டிருந்தன. நூறு ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருந்தன. போலாரிட்டியைப் பழையபடி வைத்துவிட்டு, டிலேயை, அதாவது ஒலியைத் தாமதிக்கிற நேரத்தை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். ஓர் இடத்தில் கிக் இறுகி ஒற்றை அடியாக வந்து விழுந்தது. தம்பி முகத்தில் சிரிப்பு. "யாருண்ணே இது, புது டிஜேவா?" என்று கேட்டான்.

பாடுகிறவருக்கு இந்த ஆல்பம் வந்தபோது ஐம்பத்தொன்பது வயது, கூட வாசிக்கிறவருக்கு ஐம்பத்து மூன்று என்றேன். நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, பாட்டை இன்னொரு முறை முதலிலிருந்து போடச் சொன்னான்.

அவன் நம்பாததில் வியப்பில்லை. டெனன்ட்டும் கிறிஸ் லோவும் 1981இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் சந்தித்தவர்கள். டெனன்ட் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர், பின்னால் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இதழில் வேலை பார்த்தார். லோ கட்டடக்கலை மாணவர். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம், அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலும். அதன்பின் வந்த ஆண்டுகளை இங்கே வரிசையாகச் சொல்லப்போவதில்லை. என் அக்கறை 2012, 2013 என்ற இரண்டு ஆண்டுகள் மேல்தான்.

2012 செப்டம்பரில் அவர்கள் 'எலிசியம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில், ஆண்ட்ரூ டாசன் தயாரிப்பில் பதிவானது. நிதானமான, வயதை நேராகப் பார்க்கிற ஆல்பம். அதில் 'இன்விசிபிள்' என்று ஒரு பாட்டு. முன்பு எல்லோரும் திரும்பிப் பார்த்த ஒருவர் இப்போது அறைக்குள் நுழைந்தாலும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதைத் துளியும் புலம்பாமல் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் ஒன்பதாம் இடத்தோடு நின்றது. முப்பது வருடத்தை நெருங்கிய கலைஞர்கள் இப்படி ஒரு அமைதியான ஆல்பம் போட்டால், இனி இவர்கள் இப்படித்தான் என்று கேட்கிறவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். அடுத்து பழைய பாட்டுத் தொகுப்பு, ஞாபகார்த்தக் கச்சேரி என்று போகும்.

அடுத்த பத்து மாதத்தில் வந்ததுதான் 'எலக்ட்ரிக்'. இடையில் எண்பதுகளிலிருந்து கூடவே இருந்த பார்லோஃபோன் இசை நிறுவனத்தை விட்டு விலகி, 'எக்ஸ் டூ' என்று சொந்த லேபிள் தொடங்கியிருந்தார்கள். தயாரிப்பாளராக ஸ்டூவர்ட் பிரைஸை அழைத்தார்கள். மடோனாவின் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பத்தைச் செய்தவர். டெனன்ட்டைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' முதலிடத்துக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையன். மொத்தம் ஒன்பது பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் மெதுவான பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. 1993இல் 'வெரி' ஆல்பம் முதலிடம் பெற்ற பிறகு இவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த இடம் அதுதான்.

இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு முக்கியமாக ஆனதற்கு எங்கள் தொழிலின் நிலைமையும் ஒரு காரணம். இங்கே நாற்பத்தைந்து தாண்டினால் ஆட்களை மெல்ல ஓரங்கட்டுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த வாடகை நிறுவனத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். மெல்லிசைக் கச்சேரிகளுக்கு அனலாக் கன்சோலில், அதாவது ஒலிகளைக் கலக்கும் பழைய மேசையில், மிக்ஸ் செய்து பெயர் வாங்கியவர். தபேலாவுக்கும் டோலக்குக்கும் நடுவே பாடகரின் மூச்சு கேட்கிற மாதிரி மிக்ஸ் வைப்பார். டிஜிட்டல் கன்சோல் வந்ததும் நிர்வாகம் அவரைக் குடோனுக்கு மாற்றியது. கேபிள் எண்ணுகிற வேலை, கொட்டேஷன் எழுதுகிற வேலை. அவர் சண்டை போடவில்லை. என்னைவிட இளைய ஒரு பையனிடம் போய், "தம்பி, எனக்கு இதுல சீன் எப்படி சேவ் பண்றதுன்னு காட்டு" என்று மிக்ஸ் அமைப்புகளைச் சேமிக்கிற வழியைக் கேட்டார். ராத்திரி வண்டி திரும்பி வந்த பிறகு குடோனில் உட்கார்ந்து பழகினார். கொஞ்ச நாளில் அந்தப் பையனின் கை, இவருடைய காது என்று இரண்டு பேரும் சேர்ந்து நிகழ்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள். மெனு தேடுவது பையன். எந்த வாத்தியம் எப்போது ஒதுங்கவேண்டும் என்று சொல்வது அவர். நான் பார்த்ததிலேயே நல்ல மிக்ஸ்கள் சில அந்தச் சேர்க்கையில் வந்தவை.

டெனன்ட், லோ, பிரைஸ் மூவர் செய்ததையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். இளைஞரை அழைத்ததால் பெரியவர்கள் இளமை வேடம் போடவில்லை. டெனன்ட் தன் குரலை இயந்திரத்தில் இழுத்து, நசுக்கி, காலத்துக்கு ஏற்ற பொம்மைக் குரலாக மாற்றவில்லை. 1986இல் பாடிய அதே தொனி, இன்னும் கொஞ்சம் காய்ந்து, இன்னும் கொஞ்சம் பொறுமையாக. சுற்றிலும் பிரைஸ் எழுப்பியிருக்கிற கிக்கும் பேஸும்தான் பிரம்மாண்டம். குரலின் சின்ன உருவமும் பின்னணியின் பெரிய உருவமும் சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஆல்பத்தின் உயிர். கன்சோலில் உட்காருகிறவனுக்கு இது புரியும்: எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகக் கேட்காது.

முதல் பாட்டு 'ஆக்சிஸ்' அனேகமாக வாத்தியமே. நடுநடுவே ஓரிரு சொற்கள் கட்டளை மாதிரி விழும். தொடக்க காலத்தில் நியூயார்க்கின் தயாரிப்பாளர் பாபி ஒர்லாண்டோவோடு இவர்கள் வேலை செய்தபோது இருந்த துள்ளல் அதில் தெரியும். ஒரு ஆல்பத்தைப் பாடகர் ஏறக்குறையப் பாடாமலே திறந்துவைப்பதற்கு நிறைய நம்பிக்கை வேண்டும்.

'லவ் இஸ் எ பூர்ஷ்வா கன்ஸ்ட்ரக்ட்' பாட்டைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதலாம். ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1691இல் 'கிங் ஆர்தர்' இசை நாடகத்துக்கு எழுதியதிலிருந்து மைக்கேல் நைமன் 1982இல் 'தி டிராஃப்ட்ஸ்மேன்ஸ் கான்ட்ராக்ட்' படத்துக்கு ஓர் இசைத் துண்டு செய்தார். அதை எடுத்து இவர்கள் நடன மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நூற்றாண்டு தாண்டி வந்த ஒரு மெட்டு நாலு அடித் தாளத்தின் மேல் கம்பீரமாக ஏறி உட்காருகிறது. பாட்டில் வருகிறவன் துணை விட்டுப்போன ஆள். பிரிட்டிஷ் இடதுசாரி அரசியல்வாதி டோனி பென் மாதிரி டீ குடித்துக்கொண்டு, காதல் என்பதே மேல்தட்டு மக்களின் கற்பிதம் என்று வாதம் வைக்கிறான். தான் எல்லாவற்றையும் துறந்துவிட்டதாக அடித்துச் சொல்கிறவன், நீ திரும்பி வரும்வரை என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறான். அந்த இடத்தில் வாதம் மொத்தமும் சரிந்து அவனுடைய ஏக்கம் மட்டும் மிஞ்சுகிறது. எத்தனை தடவை கேட்டாலும் அங்கே எனக்குத் தொண்டை அடைக்கும்.

'தி லாஸ்ட் டு டை' புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2007இல் பாடிய பாட்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஜான் கெர்ரி 1971இல் அமெரிக்க செனட் குழுவின் முன் எழுப்பிய கேள்விதான் அதன் கரு: ஒரு தவறுக்காகச் சாகிற கடைசி மனிதனாக இரு என்று யாரிடம் எப்படிக் கேட்பது? கித்தார் பாட்டை சின்தசைசருக்கு மாற்றியும் துக்கம் கொஞ்சமும் குறையவில்லை. 'தர்ஸ்டே'யில் லோவின் தட்டையான குரல் கிழமைகளை அடுக்கும், எக்ஸாம்பிள் என்ற ராப் பாடகரும் வருவார். வியாழன் இரவே வார இறுதி தொடங்கிவிட்ட குதூகலம் அந்தப் பாட்டில். எங்களுக்கு வியாழன் என்றால் லாரியில் பாக்ஸ் ஏறுகிற நேரம். ஊருக்கு விடுமுறை வரும்போதுதான் எங்களுக்கு வேலை வரும். அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு லோடு ஏற்றினால் பையன்கள் கை வேகம் தானாகக் கூடும். 'ஃப்ளோரசென்ட்' இருட்டான பாட்டு, எனக்கு ஆறேழு தடவை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. 'இன்சைட் எ டிரீம்' மட்டும் இன்றுவரை மனதில் ஒட்டவில்லை.

2013இல் நடன இசை எப்படி இருந்தது என்று இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி விழாக்களில் ஒரே வார்ப்பில் செய்த டிராப்கள் (தாளம் அடங்கித் திடீரென வெடிக்கும் இடங்கள்), ஒன்றைவிட ஒன்று சத்தமாக. அன்று வந்த பாட்டுகளில் பலவற்றை இன்று செட்டில் போட்டால் தேதி முத்திரை குத்தின மாதிரிக் கேட்கும். 'எலக்ட்ரிக்' அப்படிக் கேட்காததற்குக் காரணம், அது அந்த வருடத்து இசையை மட்டும் நம்பி நிற்கவில்லை. டிஸ்கோ, எண்பதுகளின் கிளப் இசை, 1988ஐ ஒட்டி பிரிட்டனில் பரவிய ஆசிட் ஹவுஸ், அதன்பின் வந்த டிரான்ஸ் எல்லாம் அடுக்கடுக்காக உள்ளே இருக்கின்றன. அவை வெளிவந்த நாட்களிலேயே இவர்கள் அந்த நடன அரங்குகளில் நின்றவர்கள். அடுத்தவர் சொல்லிக் கேட்டு எழுதிய இசை இல்லை இது. 'வோக்கல்' பாட்டின் வீடியோவிலும் அந்தக் காலத்து இளைஞர்கள் ராத்திரி முழுக்க ஆடிய பழைய காட்சிகளைத்தான் தொகுத்திருக்கிறார்கள். பாட்டு சொல்வதும் அதிகமில்லை: இங்கே இருக்கிறவர்களைப் பிடித்திருக்கிறது, இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது, தனிமையும் வலியும் எல்லாம் இந்தக் குரலில் இருக்கிறது. வயதான ஒருவர் கூட்டத்துக்கு நடுவே நின்று இதைச் சொல்லும்போது அதன் எடையே வேறு.

அவர்கள் பிரைஸோடு அதன்பின் 2016இல் 'சூப்பர்', 2020இல் 'ஹாட்ஸ்பாட்' என்று இன்னும் இரண்டு ஆல்பம் செய்தார்கள். 2024இல் ஜேம்ஸ் ஃபோர்ட் தயாரிப்பில் 'நான்தலெஸ்'. பெர்லினின் ஹான்ஸா ஸ்டுடியோவில் பெரும்பகுதி பதிவான 'ஹாட்ஸ்பாட்'டில் அழகான பாட்டுகள் உண்டு, 'நான்தலெஸ்'ஸில் வாத்தியக் குழுவின் நெருக்கம் காதுக்கு இதமாக இருக்கும். வீட்டில் ராத்திரி கேட்க நான் அவற்றைத்தான் எடுப்பேன். குழுவுக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் கொடுப்பது 'எலக்ட்ரிக்'. ஹெட்ஃபோனில் ஒரு வாரம் கேட்டுவிட்டு வா, எந்தெந்த இடத்தில் எது ஒதுங்கி எதற்கு வழிவிடுகிறது என்று எழுதிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவேன். திருச்சித் தம்பி கொண்டுவந்த தாளில் பாதிக்கு மேல் 'வோக்கல்' பற்றியே இருந்தது. குரல் வரும்போதெல்லாம் சின்த் எந்த அலைவரிசையில் விலகுகிறது என்று குறித்திருந்தான். அவற்றில் இரண்டு இடம் அதுவரை என் காதில் பட்டதே இல்லை.