விரைந்து தோற்ற சர்வர்

ஐந்து சர்வர்களுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்சரை அமைத்து, வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வரிசைப்படி மாற்றி மாற்றி அனுப்பும் ரவுண்ட் ராபின் முறையை விடுத்து, அந்தக் கணத்தில் எந்த சர்வரில் திறந்திருக்கும் இணைப்புகள் குறைவோ அதற்கு அனுப்பும் முறையைத் தேர்ந்தேன். சில கோரிக்கைகள் நொடியில் முடிய, சில அறிக்கைகளுக்கு அரை நிமிடம் பிடித்த எங்கள் சூழலுக்கு அது பொருத்தமான தேர்வு. இன்றும் அதையே தேர்வேன்.

ஒரு மாலையில் ஒரு சர்வர் மட்டும் டேட்டாபேஸ் தொடர்பை இழந்தது. ஐந்தில் ஒரு பங்குப் பயனர்களுக்கே பாதிப்பு இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பெரும்பாலானோருக்கு, சர்வருக்குள் கோளாறு என்பதைக் குறிக்கும் 500 பிழையே வந்தது. பழுதான சர்வர் எந்த வேலையும் செய்யாமல் சில மில்லிநொடிகளில் பிழையைத் திருப்பித் தந்து இணைப்பை முடித்துக்கொண்டதால், அதன் இணைப்பு எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருந்தது. லோட் பேலன்சரின் கணக்கில் அதுவே அதிக ஓய்வுடன் இருந்த சர்வர் என்பதால், கோரிக்கைகள் அதை நோக்கியே குவிந்தன. சர்வர் நலமாக உள்ளதா என்று அவ்வப்போது சோதிக்க நான் வைத்திருந்த ஹெல்த் செக்கோ, இணைப்புகளை ஏற்கும் வாயிலான போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. போர்ட் திறந்துதான் இருந்தது.

பிறகு, டேட்டாபேஸில் ஒரு சிறு வினவலை நடத்திப் பார்த்துப் பதில் சொல்லும் தனிப் பக்கத்தை ஹெல்த் செக்குக்காக எழுதினோம். அதுவும் முழுத் தீர்வாகவில்லை: பொதுவான டேட்டாபேஸ் சில நொடிகள் தாமதித்தபோது ஐந்து சர்வர்களும் ஒரே நேரத்தில் லோட் பேலன்சரின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, டேட்டாபேஸே தேவைப்படாத பக்கங்களும் கிடைக்காமல் போயின. தொடர்ந்து மூன்று முறை தவறினால் மட்டுமே நீக்குவது, இரண்டு முறை சரியாக இருந்தால் மீண்டும் சேர்ப்பது, பாதிக்கு மேல் தவறினால் எதையும் நீக்காமல் எல்லாவற்றுக்கும் அனுப்புவது என்று அமைத்த பின்னரே நிலைமை சீரானது. என்வாய் போன்ற லோட் பேலன்சர் கருவிகளில் இந்தக் கடைசி ஏற்பாடு இயல்பாகவே உண்டு. அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

அந்த முதல் மாலையின் அவசரத்தில் நான் செய்த இன்னொரு பிழைதான் அதிக நாள் நீடித்தது. முகப்புக்கு வருபவர்களைப் பராமரிப்பு அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பியபோது, தற்காலிகத் திருப்பமான 302க்குப் பதிலாக நிரந்தரத் திருப்பமான 301ஐக் கொடுத்துவிட்டேன். உண்மையில் அந்த இடத்திலேயே, சேவை தற்போது கிடைக்காது என்று சொல்லும் 503 கொடுத்திருந்தால் திருப்பமே தேவைப்பட்டிருக்காது. பிரவுசர்கள் 301ஐச் சேமித்து வைத்துக்கொண்டதால், சர்வர்கள் சீரான பிறகும் பலர் எங்களிடம் கேட்காமலேயே அறிவிப்புப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தனர். அங்கிருந்து முகப்புக்கே திருப்பினால் முடிவில்லாச் சுழலில் சிக்குவார்கள் என்பதால், முகப்பின் உள்ளடக்கத்தை வேறொரு முகவரியில் வைத்து, அதற்கு 302 கொடுத்தோம். அந்த வரியை இன்றுவரை நீக்கவில்லை. எவருடைய பிரவுசரில் அந்த 301 இன்னும் தங்கியிருக்கிறது என்பதை எங்கள் பக்கத்திலிருந்து அறிய வழியில்லை.