ஜார்ஜ் விடுதியில் மிஞ்சிய ஒரு பக்கம்

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகில், பரோ ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு குறுகிய வாயில் இருக்கிறது. அதன் வழியே போனால் முற்றம். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டடுக்கு மரத் தாழ்வாரம். இதுதான் லண்டனின் சதர்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் விடுதி. குதிரை வண்டிக் காலத்துத் தாழ்வார விடுதிகளில் லண்டனில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மற்றப் பக்கங்கள் எங்கே போயின? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தேடத் தொடங்கினேன்.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. ஜார்ஜ் என்ற பெயரில் விடுதிகள் ஏராளம். நான் பணம் கட்டி நகல் வாங்கிய உயில் வேறொரு ஜார்ஜுக்கு உரியது. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை 'லண்டன்' என்று தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பகத்தில் ஓர் அம்மையார்தான் வழி காட்டினார்: சதர்க் 1889 வரை சர்ரே மாவட்டத்தில் இருந்ததாம். மாவட்டத்தை மாற்றித் தேடியதும் தெருவே கண்முன் விரிந்தது. அன்றிலிருந்து விடுதிப் பெயரை விட்டுவிட்டு, அதை நடத்தியவர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு தொழில் கையேடுகளிலும் தீக்காப்பீட்டுப் பதிவேடுகளிலும் போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசியக் காப்பகத்தில், விடுதிகளில் உள்ள இடவசதி பற்றிய 1686ஆம் ஆண்டு இராணுவக் கணக்கு ஒன்று உண்டு. பெரும் நம்பிக்கையோடு பார்த்தேன். ஊருக்கு எத்தனை கட்டில், எத்தனை குதிரைக்கு இடம் என்ற எண்கள்தாம் இருந்தன; விடுதிப் பெயர்கள் இல்லை.

வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ 1598இல் வெளியிட்ட லண்டன் விவரணையில் இத்தெருவின் விடுதிகளை வரிசையாகச் சொல்கிறார். டாபர்ட் என்ற விடுதிக்கு அடுத்து ஜார்ஜ். ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகளில்' யாத்திரிகர்கள் புறப்பட்ட அதே டாபர்ட்! அந்த வரியில் விரல் வைத்தபோது உடல் சிலிர்த்தது. ஆனால் அவர் பார்த்த கட்டடம் இதுவன்று. 1676ஆம் ஆண்டுத் தீயில் சதர்க்கின் பெரும்பகுதி எரிந்தது. இப்போதிருப்பது 1677இல் மறுபடியும் எழுப்பியது.

என் கேள்விக்கு விடை நிலவரைபடத்தில் கிடைத்தது. 1870களில் ஒரு மைலுக்கு ஐந்தடி அளவில் வரைந்த தாளின் மேல் மெல்லிய காகிதம் வைத்து முற்றத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். அதை 1890களின் தாள்மேல் பொருத்தியபோது என் கோடுகள் பல வெறும் வெளியில் நின்றன. கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889இல் இடித்த பகுதி அது. எஞ்சிய தெற்குப் பக்கம் 1937இல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்தது.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு முற்றத்துக்குப் போய், வடக்குத் தாழ்வாரம் இருந்த இடத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன்.