தோட்டத்து லயங்களில் கைப்பேசிப் பாடம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியார், குமுளிப் பகுதித் தோட்டங்களில் காசநோய்ப் பணி செய்யும் செவிலியர்களுக்கும் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி என்பது, ஒரு நாள் முழுவதும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதாகவே நெடுங்காலம் இருந்தது. இப்போது பாடம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. இதை வரவேற்கும் நான், பாடத்தை ஓட்டி முடித்துச் சான்றிதழ் எடுப்பதையே பயிற்சி எனக் கணக்கிடும் போக்கை மட்டும் ஏற்பதில்லை. நோயாளி எதிரில் இருக்கும்போது சந்தேகம் தீர எடுத்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கருவிகள் மிகவும் உதவுகின்றன.

மாத்திரைக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையும், அடுத்த நான்கு மாதங்களுக்கு மூன்று மருந்துகள் சேர்ந்ததும் எடைக்கேற்பத் தரப்படுகின்றன. எடைப் பிரிவுகள் இடையில் திருத்தப்பட்டதால், கொழுந்து பறிக்கும் 38 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு முன்பு நாளொன்றுக்கு 2 மாத்திரைகள் என்றிருந்தது, 35 முதல் 49 கிலோ வரையிலான இன்றைய பிரிவில் 3 ஆகிவிட்டது. பழைய அட்டவணை இன்னும் சுவரில் தொங்கும் இடங்களும் உண்டு. அச்சிட்ட தாளைத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். செயலியில் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய நிக்ஷய் சேது என்னும் காசநோய்ப் பயிற்சிச் செயலி தமிழிலும் இருப்பதால், இங்குள்ள தமிழ்ப் பணியாளர்கள் அதைத் தயக்கமின்றித் திறக்கிறார்கள்.

சளி மாதிரி எடுப்பது அவ்வளவு எளிதாகக் கைப்பேசியில் அடங்குவதில்லை. எச்சில் வேறு, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுக்கும் சளி வேறு என்பதைக் காணொளி நன்றாகவே காட்டுகிறது. ஆனால் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க, பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடுமோ என்று, மாதிரி தர வேண்டிய பெண் இருமலை அடக்கிக்கொள்வாள். டப்பாவில் வெற்றிலைச் சாறு கலந்த எச்சில்தான் சேரும். வாயைக் கொப்புளிக்கச் செய்து, காற்றோட்டமான வெளியிடத்துக்கு அழைத்துப் போய், மூச்சை ஆழ இழுத்து விடச் சொல்லி, அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் பக்குவத்தை, அனுபவமுள்ள ஒருவரோடு லயங்களுக்குப் போய்த்தான் கற்க முடியும். இதைக் காணொளியோடு முடித்துக்கொள்வது மாதிரிகளை வீணாக்கும் வழி.

கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் வந்து திரும்பும் தொழிலாளர்களின் நிலை வேறு. நோய் இடுக்கியில் கண்டறியப்பட்டு, மாத்திரை தேனி மாவட்டத்தில் வாங்க வேண்டியிருக்கலாம். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளம் தரும் எண் நாடு முழுவதற்கும் பொதுவானது. பதிவை ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியும் தளத்தில் உண்டு. இருந்தும், பதிவை மாற்றியதோடு கடமை முடிந்ததென்று இப்பக்கம் இருந்துவிட, ஆள் வரட்டும் என்று அப்பக்கம் காத்திருந்தால், இடையில் மருந்து நின்றுபோகும். ஆகவே, இரு மாவட்டப் பணியாளர்களையும் ஒரே இணையவழி வகுப்பில் அமர்த்தி, பயிற்சிக்கான ஒரு பதிவை இங்கிருந்து அனுப்பி அங்கே ஏற்கும் வரை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். வகுப்பு முடிவதற்குள் இருவரும் தொலைபேசி எண்களையும் பரிமாறிக்கொள்ள வேண்டும்.