சிக் லைன்: ஏழாம் நம்பர் வேகன் ஒருவழியாகத் தடத்தில் நிற்கிறது

என் மாடல் ரயிலில், எட்டு பாக்ஸ்-என் வேகன்களில் (நிலக்கரி ஏற்றும் திறந்த சரக்கு வண்டி) ஏழு ஒழுங்காக ஓடின. ஏழாம் நம்பர் மட்டும் இரண்டாவது பாயிண்ட்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) தடத்தை விட்டு இறங்கிவிடும், அதுவும் பின்னால் தள்ளும்போது மட்டும். இழுத்தால் சாதுவாக வரும். பாயிண்ட்டையே பிடுங்கிப் போடலாமா என்ற அளவுக்குப் போன பிறகுதான் முக்கியக் காரணம் தெரிந்தது: ஒரே ஒரு ஆக்ஸிலில் 0.3 மில்லிமீட்டர்.

லேஅவுட் சின்னது. எச்ஓ, 1:87. பலகை 6 அடிக்கு 1 அடி. ஆலன் ரைட்டின் இங்கில்நூக் என்ற ஷண்டிங் (வேகன்களைப் பிரித்து வரிசை மாற்றிக் கோக்கும்) புதிர் அமைப்பை அப்படியே எடுத்தது: ஐந்து வேகன் நிற்க ஒரு சைடிங் (பக்கத் தடம்), மும்மூன்று நிற்க இரண்டு, முன்னால் இன்ஜினும் மூன்று வேகனும் அடங்கும் ஷண்டிங் நெக் (முன்னும் பின்னும் போய்வரும் தடம்). பாக்ஸ்-என் கப்ளருக்குக் கப்ளர் (வண்டிகளைக் கோக்கும் கொக்கி) 10,713 மி.மீ.; மாடலில் 123 மி.மீ. டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் சுமார் 197 மி.மீ. நெக்குக்கு 57 செ.மீ., ஐந்து வேகன் லைனுக்கு 62 செ.மீ., நடுவே சின்ன ரேடியஸ் பாயிண்ட். 6 அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது.

பாக்ஸ்-என்னை யாராவது ஒவ்வொன்றாக ஷண்ட் செய்வார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அவை ரேக்காகவே (பிரிக்காத முழு வண்டித்தொடராக) ஓடும். 58 வேகன் ரேக்கை முழுசாக வைக்க 7 மீட்டருக்கு மேல் வேண்டும். அது வீட்டு ஹாலையும் தாண்டும். அதனால் இது சிக் லைன். ரேக்கிலிருந்து கழற்றிய பழுது வேகன்கள் வந்து நிற்கும், சரியானவை கிளம்பும். கதை பொருந்திவிட்டது, போதும்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று பலகையில் கண்ணெதிரே கிடக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.26. கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5, அது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. ஆக, நம் அகலப்பாதை வண்டி எதை வைத்தாலும் பாதை 2.76 மி.மீ. ஒடுங்கித்தான் இருக்கும். 19.26-க்குக் கையாலேயே தண்டவாளம் போட்டு எல்லா ஆக்ஸிலையும் மாற்றும் பொறுமைசாலிகளுக்கு ஒரு கும்பிடு. பிரிட்டனில் ஓஓ என்ற அளவில் மாடல் ஓட்டும் ஆட்கள் 1:76.2 வண்டியை இதே 16.5-இல் காலங்காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் தூக்கம் கெடவில்லை. தண்டவாள உயரமும் அப்படியே. கோட் 100 (அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு உயரம்) என்றால் 2.54 மி.மீ., அசலில் 221 மி.மீ. ஆகும், நம் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளமே 172 தான். கோட் 75 கிட்டத்தட்ட 166-க்கு வரும், 52 கிலோவுக்கும் 60 கிலோவுக்கும் நடுவில் அழகாக உட்காரும். ஆனாலும் இங்கே கோட் 100 தான். பழைய சக்கரங்களின் ஆழமான ஃப்ளேஞ்சையும் (சக்கரத்தின் உள்பக்க விளிம்பு) அது தாங்கும். பக்கவாட்டில் துருக்கலர் அடித்துவிட்டால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

சக்கரத்திலும் இதே விட்டுக்கொடுப்புதான். பாக்ஸ்-என் சக்கரம் 1,000 மி.மீ., மாடலில் 11.5. சுலபமாகக் கிடைப்பது அமெரிக்க 36 அங்குலச் சக்கரம், 10.5. பாக்ஸ்-என்னின் கேஸ்னப் போகியில் (பாடிக்கு அடியில் இரண்டு ஆக்ஸிலைத் தாங்கும் சட்டம்) ஆக்ஸில்களுக்கு நடுவே 2,000 மி.மீ., மாடலில் 23. அமெரிக்க 100 டன் போகி 20-ஐ ஒட்டி வரும். பார்வைக்குப் பரவாயில்லை. ஆனால் சக்கரம் சிறுத்ததால் பாடி அரை மில்லிமீட்டர் இறங்கும், கப்ளரும் கூடவே இறங்கும். போகிக்கும் பாடிக்கும் நடுவே 0.5 மி.மீ. வாஷர் ஒன்று வைத்துவிட வேண்டும். தண்டவாளத்தின் தலையிலிருந்து கப்ளரின் நடுப்புள்ளி 9.9 மி.மீ. வந்தால் சரி.

இப்போது ஏழாம் நம்பர். காலிப்பரின் உள்ளளவு பார்க்கும் சின்னத் தாடையை ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் விட்டு, இரண்டு சக்கரத்தின் முதுகுக்கும் (உள்பக்க முகம்) நடுவே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் பார்த்தால்தான் ஆட்டம் இருக்கிறதா என்றும் தெரியும். வரவேண்டியது 14.4. இந்த வேகனில் வந்தது 14.4, 14.4, 14.1, 14.35. மூன்றாவது ஆக்ஸில்தான் கள்வன்.

அளவு குறைந்தால் செக் ரயிலும் (சக்கரத்தை வழியில் வைக்கும் துணைத் தண்டவாளம்) எதிரே ஃப்ராக்கின் (பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் மூக்கு) விங் ரயிலும் (மூக்கின் பக்கத்தில் வளையும் தண்டவாளம்) இரண்டு சக்கரத்தின் முதுகையும் ஒரே நேரத்தில் அழுத்தும். போக வழியில்லாமல் சக்கரம் மேலே ஏறும். தண்டவாள மட்டத்தில் டார்ச் வைத்து மெதுவாகத் தள்ளினால் மயிரிழை அளவு எழும்புவது தெரிகிறது. இழுக்கும்போதும் எழும்பத்தான் செய்கிறது. கப்ளர் நேராக இழுப்பதால் மறுபடி இடத்தில் விழுந்துவிடுகிறது. தள்ளும்போது கப்ளர் கோணலாக முட்டுகிறது, எழும்பிய சக்கரம் பக்கவாட்டில் போய் இறங்குகிறது. அளவு கூடினால் நோய் வேறு: ஃப்ளேஞ்ச் நேராக ஃப்ராக் மூக்கில் இடிக்கும்.

சரிசெய்ய, இரண்டு சக்கரத்தையும் விரலில் பிடித்துத் திருகியபடியே வெளியே இழுக்க வேண்டும். திருகாமல் வெறுமனே இழுத்தால் பிளாஸ்டிக் புஷ்ஷோடு கையில் வந்துவிடும். பிடி தளர்ந்துபோனால் ஊசி முனையில் ஒரு பொட்டு சூப்பர் குளூ, உட்பக்கமாக மட்டும். பேரிங் பக்கம் வழிந்தால் அந்த ஆக்ஸிலை மறந்துவிடலாம்.

அதற்குப் பிறகும் பத்துக்கு ஒருமுறை விழுந்தது. இரண்டாவது காரணம் போகி ஸ்க்ரூ. இரண்டையும் ஒரே இறுக்கத்தில் முடுக்கினால் வேகன் நான்கு கால் மேஜைபோல ஒரு மூலையைத் தூக்கும். ஒன்று திரும்ப மட்டும் இடம் கொடுக்க வேண்டும், மற்றது பக்கவாட்டிலும் ஆட வேண்டும். அரைச்சுற்று தளர்த்தினால் போதும். மூன்றாவது, பாயிண்ட்டுக்கு முந்தைய தண்டவாள ஜாயின்ட். விரல் நகத்தை உட்பக்கமாக இழுத்துப் பார்த்தால் எங்கே தட்டுகிறதோ அங்கே ஊசி அரத்தால் நான்கு இழுப்பு. பாயிண்ட்டை ஒட்டிய ஜாயினரை (தண்டவாளங்களை இணைக்கும் தகடு) சால்டர் செய்யவே கூடாது, பிறகு கழற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

இப்போது எட்டு வேகனையும் கோத்து இருபது முறை மெதுவாகத் தள்ளி, கடைசியில் வேண்டுமென்றே வேகமாகவும் தள்ளியாயிற்று. ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

எடை விஷயம்: என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்குப்படி ஒரு அவுன்ஸோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். பாக்ஸ்-என்னுக்கு 97 கிராம் வரும். 90-இல் நிறுத்தினாலும் ஓடுகிறது, எட்டும் ஒரே எடையில் இருந்தால் சரி. இரும்பு நட்டு போடாதீர்கள், தடத்துக்கு அடியில் கப்ளரைக் கழற்ற வைத்துள்ள காந்தம் வேகனையே பிடித்து இழுக்கும். தூண்டில் ஈயக்குண்டு மலிவு. நிலக்கரிச் சுமைக்கு மேலே தெர்மகோல் துண்டு, அதன்மேல் ஃபெவிகால் பூசி, இடித்துச் சலித்த அடுப்புக்கரி. கலருக்கு ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்து அக்ரிலிக்கில் கலந்துகொள்ளலாம். ஸ்டைரீன் பாடியில் தின்னர் பட்டால் இளகிவிடும்.

ஜல்லிக்கு இறக்குமதிப் பாக்கெட் வாங்குவது வீண். அசல் ஜல்லி 50 மி.மீ. என்றால் மாடலில் 0.57, எம்-சாண்டைச் சலித்தால் அதுதான். அதே கருங்கல், அதே நீலச்சாம்பல் நிறம். கழுவிக் காயவைத்து, காந்தத்தை பாலிதீன் பையில் போட்டு இரண்டு முறை துழாவிவிடுங்கள். தப்பிய இரும்புத்தூள் நேராக இன்ஜின் மோட்டாருக்குள் போகும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு. பாயிண்ட் நாக்குகளுக்கு (பக்கம் மாறும் நகரும் தண்டவாளம்) அடியில் முதலில் எண்ணெய் தொட்டுவைக்காவிட்டால் பசை ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் வெந்நீர் விட்டு ஊறவைத்து மெல்ல ஆட்ட வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது டிபிடிடி (இரண்டு இணைப்பை ஒரே நேரத்தில் மாற்றும்) ஸ்லைடு ஸ்விட்ச் இரண்டுக்கு நான்காக வாங்கிவைக்கவும். நாக்கைத் தள்ளுவதும் ஃப்ராக்கின் மின்சாரத்தை மாற்றுவதும் ஒரே ஸ்விட்சில் முடியும். பாயிண்ட்டை நகர்த்தும் மோட்டாருக்குச் செலவழிக்க வேண்டாம்.

சிக் லைனில் ஜல்லி பாதிதான் ஆகியிருக்கிறது, அதற்குள் பலகையின் கோடியில் ஒரு வளைவு சேர்க்கும் ஆசை. எல்எச்பி என்ற நீளமான பயணிகள் பெட்டி மாடலில் 270 மி.மீ.; 457 மி.மீ. ரேடியஸில் நடுப்பகுதி உள்ளே 8 மி.மீ.யும் முனை வெளியே 12 மி.மீ.யும் நீட்டும். 610-இல் அது 6-ம் 9-மாகக் குறையும். அட்டையில் பெட்டி அளவுக்கு வெட்டி, போகி நடுப்புள்ளிகளில் 171 மி.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தி, வரைந்த கோட்டின்மேல் நகர்த்திப் பார்க்கும் வேலை நடக்கிறது. 457-இல் அட்டை சுவரைத் தொடுகிறது.